'சீன் இல்லக்கா' என்று சொன்ன பெண்

புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மையத்திலிருந்து கூப்பிட்டபோது, ஓய்வு பெற்ற பிறகும் இந்த மாமியை ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் வந்தேன். வந்து உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கும் அந்தப் பெரிய தாள். மனசு சரியில்லாமல் நம்மைப் போனில் கூப்பிடும் இளம்பிள்ளைகள் பேசுகிற சொற்களை ஒரு பக்கம் எழுதி, எதிரே அர்த்தம், அதற்கும் எதிரே மாற்றுச் சொல் என்று கட்டம் போட்டிருக்கிறீர்கள். மற்ற சொற்களுக்கெல்லாம் ஒரு வரி. 'சீன்' என்ற சொல்லுக்கு மட்டும் கட்டம் போதாமல், பக்கத்துக் கட்டத்தில் புகுந்து, கீழே ஒரு துண்டுத் தாளும் ஒட்டி, அதுவும் நிரம்பி வழிகிறது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகு ஒரு பழைய அழைப்பு ஞாபகம் வந்துவிட்டது. அதனால் அன்று உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை, டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனேன். சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வருகிறவர்களை யாரும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாதபடி ஆளையும் ஊரையும் கலைத்துப் போட்டிருக்கிறேன். நம் வேலையில் அது மரியாதை மட்டுமல்ல, சட்டம். அந்தச் சொல்லை மட்டும் மாற்றவில்லை.

இங்கிலீஷில் அது சும்மா ஒரு காட்சி. நாடகத்தில் வரும், சினிமாவில் வரும். நாகர்கோவில் தாண்டிப் போனால் 'சீன் போடாதே' என்றால் பந்தா பண்ணாதே என்று அர்த்தம். நம் திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் வாயில் விழுந்த பிறகு அதற்கு வந்த வாழ்வே தனி. 'சீன் ஆயி' என்றால் வம்பாகிவிட்டது. 'சீன் ஆக்கல்லே' என்றால் ரகளை பண்ணாதே. 'எந்தா சீன்?' என்றால் என்ன நிலவரம். 'கிடு சீன்' என்றால் அமர்க்களம். 'சீன் டார்க்கு' என்றால் நிலைமை கைமீறிவிட்டது. 'சீன் இல்ல' என்றால் ஒன்றும் இல்லை, விடு. இவ்வளவும் ஒரே சொல். நல்லதுக்கும் அதுவே, கெட்டதுக்கும் அதுவே, நடுவில் ஒன்றுமில்லாததற்கும் அதுவே.

மாற்றுச் சொற்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதையும் படித்தேன். கலிப்பு, அலம்பு, பணி கிட்டியது, குளமாயி, ஜாட, அடிபொளி. நல்ல உழைப்பு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மூலைக்குத்தான் பொருந்துகிறது, கவனித்தீர்களா? கலிப்பு என்றால் கோபம், அதோடு சரி. பணி கிட்டியது என்றால் மாட்டிக்கொண்டான், அதோடு சரி. அலம்பு என்றால் தகராறு, குளமாயி என்றால் கெட்டுப்போயிற்று, ஜாட என்றால் வெறும் அலட்டல், அடிபொளி என்றால் பிரமாதம். சீனை அப்படிப் பிடித்து ஒரு கட்டத்தில் உட்கார வைக்க முடியாது. எத்தனையோ வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட எனக்கே அதைப் பற்றி இன்னும் மலைப்பு தீரவில்லை.

அந்தச் சொல் முதன்முதலில் என் காதில் விழுந்த நாளைச் சொல்கிறேன். ஒரு பையன் கூப்பிட்டான், பிளஸ் டூ படிக்கிற குரல். "சேச்சி, வீட்டுல பயங்கர சீன். என்னெக்கொண்டு பற்றல்ல" என்றான், என்னால் முடியவில்லை என்று. குடித்துவிட்டு வரும் அப்பா, உடையும் பாத்திரம், மூலையில் ஒடுங்கி நிற்கும் அம்மா என்று மனசுக்குள் ஒரு வீட்டையே கட்டிவிட்டேன். நல்ல காலம், கட்டின வீட்டுக்குள் அவனை இழுக்காமல், "என்ன சீன், சொல்லேன்" என்று மட்டும் கேட்டேன். அவன் அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். குழந்தை பிறந்துவிட்டதாம். சித்தி, அத்தை, பெரியப்பா என்று வீடு முழுக்க ஆட்களாம். எல்லாரும் சிரிக்கிறார்களாம், பாடுகிறார்களாம், இவன் படுக்கிற கட்டிலில் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறார்களாம். பரீட்சைக்குப் படிக்க ஒரு மூலை இல்லை, அதைச் சொன்னால் திட்டுகிறார்கள் என்று அழுதான். அழுகை நிஜம். அந்தக் கஷ்டமும் நிஜம். நான் கட்டின வீடு மட்டும்தான் பொய்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கிவிட்டவர் என்னைவிட வயதில் சின்னவர். அவர் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் கோபித்துக்கொள்வார். எந்நேரமும் மிக்சர் கொறித்துக்கொண்டே இருப்பார். போனை எடுக்கும்போது மட்டும் கை பொட்டலத்தை விட்டு விலகும், வைத்த மறுநிமிஷம் திரும்பப் போகும். அவர் மலையாளி. என்னோடு பேசும்போது தமிழாக்கிப் பேசுவார். "மாமி, அவர் தந்த வாக்கு அவரோடதாக்கும். அத எடுத்துக் கழுவித் துடைச்சு வேற வாக்காக்கித் திருப்பிக் கொடுக்கண்டா. அதே வாக்க அதே மாதிரி கொடுங்கோ" என்பார். வாக்கு என்றால் அவர் பாஷையில் சொல். கூப்பிட்டவன் 'சீன்' என்றால் நாமும் 'சீன்' என்றுதான் கேட்க வேண்டும். 'பிரச்சினை' என்று கேட்டால்கூட அது நம்முடைய சொல் ஆகிவிடும்.

இது ரொம்பச் சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். எங்களோடு ஒருவர் இருந்தார், மனோதத்துவத்தில் பெரிய படிப்பு, தங்கமான மனுஷர். ஒரு பெண் கூப்பிட்டு "வீட்டில சீனாக்கும் சாரே" என்றிருக்கிறாள். அவர் கனிவாக, "குடும்பச் சூழலில் ஒரு முரண்பாடு நிலவுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அவள், "அய்யோ, இது ஏதோ ஆபீஸா? ஸாரி, நம்பர் மாறிப்போச்சு" என்று வைத்துவிட்டாள். சொல்லுக்குச் சொல் அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நம்மைப் போலக் கேட்பதற்கென்று படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அந்தப் பெண் திரும்பக் கூப்பிட்டாளா என்று இன்றுவரை தெரியாது. அவர் அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நான் சொல்ல வந்த அழைப்பு. அதற்கு முன்னால் என் நாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

நான் வலியசாலை அக்கிரகாரத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீடுகளில் அமங்கலமான சொல் வாயில் வரக்கூடாது. விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், மலையேத்து என்போம். அரிசி தீர்ந்துவிட்டால் இல்லை என்று சொல்ல மாட்டோம், நிறைஞ்சிருக்கு என்போம். புதிதாக வந்த மருமகள் தெரியாமல் 'அரிசி இல்லை' என்று சொல்லிவிட்டால் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். சாவு என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் நான் உச்சரித்ததே கிடையாது. சாவு நடந்த அன்றுகூட உச்சரித்ததில்லை. ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவுடன் முதல் விதியே அதுதான். சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காதே, அந்தச் சொல்லைப் போட்டு நேராகக் கேள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதே, கேட்காமல் விட்டால்தான் அவர்கள் அந்த எண்ணத்தோடு தனியாக நிற்பார்கள். விதி எனக்கு நன்றாகப் புரிந்தது. நாக்குக்குப் புரியத்தான் நாளானது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பேன்.

அன்று மத்தியானம். மத்தியானத்தை லேசாக நினைக்காதீர்கள். ராத்திரிக்கு எல்லாரும் தயாராக இருப்பார்கள், மத்தியானத்துக்கு யாரும் இருக்க மாட்டார்கள். தமிழ்க் குரல் வந்தால் எனக்கு மாற்றிவிடுவது வழக்கம். மாற்றிவிட்டார்கள். எடுத்ததும் பஸ் ஹாரன், ஏதோ ஒரு கண்டக்டர் 'களியக்காவிளை, களியக்காவிளை' என்று கூவும் சத்தம், நடுவில் ஒரு பெண் குரல்.

"அக்கா, சும்மா கூப்பிட்டேன். சீன் இல்லக்கா."

எல்லைப் பக்கத்துத் தமிழ். பாறசாலைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, அவ்வளவு கிட்டத்தில். என்னை அக்கா என்று கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

"சீன் இல்லேன்னா சந்தோஷம். சும்மாவே பேசலாம். எங்க இருந்து பேசறே?"

"தம்பானூர் ஸ்டாண்டுல ஆக்கும். வீட்டுக்குப் போணும். வண்டி நிக்கிது."

"ஏறலையா?"

"இது ரெண்டாமத்த வண்டிக்கா. ஏறல்ல." கொஞ்சம் நிறுத்தி, குரலை உயர்த்தி, "சீன் இல்ல, சீன் இல்ல" என்றாள். பக்கத்தில் யாரோ திரும்பிப் பார்த்திருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொன்னது. அதற்குள் அந்தச் சொல்லை அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். சத்தம் கூடினாலும் ஒவ்வொரு தடவையும் குரலில் தெம்பு குறைந்துகொண்டே வந்தது.

"அக்கம்பக்கம் ஆள் இருக்காளா?"

"நெறைய உண்டு. இங்க வச்சிப் பேச பற்றாதுக்கா."

தள்ளிப் போய்ப் பேசேன் என்று நான் சொல்லியிருக்கலாம். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். சொல்லவில்லை. இப்படிப்பட்ட குரலோடு ஒரு பெண் கூட்டத்தை விட்டுத் தனியாக நடந்து போவதை நான் விரும்பவில்லை. கூட்டம் அவளுக்குத் தொந்தரவு. ஆனால் அந்த நிமிஷத்தில் அவளுக்கு இருந்த ஒரே காவலும் அதுதான். அவள் அங்கேயே நிற்க வேண்டும், பேசவும் வேண்டும். நான் பேசுவது அவள் காதுக்கு மட்டும்தான் கேட்கும். அவள் பேசுவதுதான் ஊருக்கெல்லாம் கேட்கும். அப்படியானால் ஊருக்குக் கேட்கக்கூடாத சொற்களையெல்லாம் நானே சொல்லிவிட வேண்டியதுதான்.

தண்ணீர் குடித்தேன்.

"நீ ஒண்ணும் விவரமாச் சொல்ல வேண்டாம்மா. நான் கேக்கறேன். சீன் உண்டு, சீன் இல்லைன்னு மட்டும் சொல்லு, போதும். செத்துப் போயிடலாம்னு உனக்குத் தோணறதா?"

ஹாரன் சத்தம். அந்தக் கண்டக்டரின் குரல். வண்டி கிளம்புகிற சத்தம்.

"அதாக்கும்க்கா சீன்" என்றாள்.

அதை அவள் சொன்ன விதத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. பக்கத்தில் நின்றவர்களுக்கு, பஸ்ஸை விட்டுவிட்ட ஒரு பெண் சிநேகிதியிடம் அலுத்துக்கொள்கிற மாதிரிதான் கேட்டிருக்கும். எங்கள் தெருவில் தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லை மூடி வைக்க எத்தனையோ பாடுபட்டிருக்கிறோம். இந்தப் பெண் பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில், ஒரு விளையாட்டுச் சொல்லுக்குள் அதை வைத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒரு முழு உரையாடலையும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே நடத்தினோம். இப்போதேவா, அப்புறமா என்று கேட்டேன். "இப்ப சீன் இல்ல. வண்டியெல்லாம் போனப்பறம்" என்றாள். முன்னால் எப்போதாவது இப்படித் தோன்றியிருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல, இது புது சீன்." யாரிடமாவது சொன்னாயா? "ஒருத்தருக்கும் சீன் தெரியாது." இதில் எந்தப் பதிலை எடுத்து உங்கள் தாளில் எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்? ஆனால் எனக்கு ஒன்றுகூடப் புரியாமல் போகவில்லை. அவள் குரல் இருந்தது, மூச்சு இருந்தது, நான் கேட்ட கேள்வி இருந்தது. அது போதுமாக இருந்தது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் நல்ல துடிப்பான ஆள். நான் கேட்ட கேள்வியிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, இடத்தை நான் தாளில் எழுதிக் காட்டியிருந்தேன். எழுந்து நின்று, கீழே கையைக் காட்டி, நான் ஓடிப் போய்க் கூட்டிவரட்டுமா என்று சைகை செய்தார். நம் மையத்திலிருந்து ஸ்டாண்டு எவ்வளவு கிட்டத்தில் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் கால் துடித்தது. ஆனால் முன்பின் தெரியாத ஓர் ஆண் தன்னைத் தேடிக்கொண்டு கூட்டத்தில் வருவதைப் பார்த்தால், அவள் என்னை நம்பிச் சொன்னதையெல்லாம் நான் விற்றுவிட்டேன் என்றுதான் நினைப்பாள். போனை வைத்துவிடுவாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். போலீஸ் உதவி நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சைகை காட்டினேன். அதை அவளிடம் மறைக்கவும் இல்லை.

"இந்த லைன் கட்டாச்சுன்னா நான் ஸ்டாண்டுல இருக்கிற போலீசுக்குச் சொல்லுவேன். ஒளிச்சு மறைச்சுப் பண்ண மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"அய்யோ அக்கா, சீன் ஆக்காதீங்கோ!"

"நீ லைன்ல இருந்தா நான் ஒரு சீனும் ஆக்க மாட்டேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் லேசாகச் சிரித்தாள். அழைப்பு தொடங்கியதிலிருந்து வந்த முதல் சிரிப்பு அதுதான். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சாவுக்கு இருந்த அதே சொல், இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சின்ன ஒப்பந்தத்துக்கு ஆகிவிட்டது.

உட்கார்ந்து பேசு என்றேன். பெஞ்சில் ஒரு வயசான அம்மச்சி மூட்டையோடு இருக்கிறாள் என்றாள். அவள் பக்கத்திலேயே உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். பிறகு மெல்ல மெல்லக் கதை வந்தது. அவள் நர்சிங் படிக்கிறவள். கடைசி வருஷப் பரீட்சை முடிவு அன்று காலையில்தான் வந்திருந்தது. பாஸாகவில்லை. அது மட்டும் என்றால் அவள் தாங்கியிருப்பாள். திரும்ப எழுதலாம், அவளுக்கும் தெரியும். வினை வீட்டில் இருந்தது. அவள் அப்பா ரப்பர் வெட்டுகிறவர், சபைக்கு ஒரு ஞாயிறு தவறாமல் போகிறவர். அவர்கள் சபையில் கடவுள் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வார்கள், அதற்குச் சாட்சி என்று பெயர். முடிவு வருவதற்கு முன்பே, விசுவாசத்தோடு, 'என் மகளைக் கர்த்தர் நர்ஸாக்கிவிட்டார்' என்று அவர் போன ஞாயிறு சாட்சி சொல்லிவிட்டார். அவள் என்னைக் கூப்பிட்ட அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் ஸ்தோத்திர ஜெபம், அதாவது நன்றி சொல்லும் கூட்டம். பந்தல் போட்டாயிற்று. பிரியாணி அண்டா வந்தாயிற்று. சபை முழுவதும் வரும். மகள் ஊர் போய் இறங்கினால் கூட்டம் தொடங்கும்.

"அப்பாக்க பேரு போவும்க்கா. கர்த்தருக்க பேரும் போவும்னு சொல்லுவாங்க. நான் எப்பிடிப் போய் எறங்குவேன்?"

என்ன சொல்வீர்கள் இதற்கு? 'பரீட்சை பெரிய விஷயமில்லை' என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அவளை இழந்திருப்பேன். அந்த அப்பா மேல் எனக்கு ஒரு கோபமும் வந்தது. பிள்ளையைக் கேட்காமல், தாளைப் பார்க்காமல், இப்படியா ஒரு மனுஷர் ஊரைக் கூட்டுவார்! அதையும் விழுங்கிக்கொண்டேன். கோபம் என்னுடையது, அவளுடையதில்லை. அவள் குரலில் அப்பா என்ற சொல் வரும்போது கோபமே இல்லை. பயமும் இல்லை. அவருக்காக அவள் படுகிற வெட்கம் மட்டும்தான் இருந்தது.

அந்த வெட்கம் என் காதில் விழுந்ததால்தான் இப்படிக் கேட்டேன். "அந்த வீட்டுல இந்த சீனை யார்கிட்ட சொல்லலாம்?"

அம்மாவைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "அப்பாட்ட" என்றாள்.

"கூப்பிடறியா? நானும் லைன்லயே இருக்கேன். நீ சொல்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்."

"அப்பாக்கு இந்த வாக்கெல்லாம் தெரியாதுக்கா."

"பரவாயில்லை. உன்னால எந்த வாக்கு சொல்ல முடியறதோ அதைச் சொல்லு."

இரண்டு அழைப்பையும் சேர்த்தாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் போனை எடுத்ததும் ஒரு கல்யாண வீட்டுச் சத்தம். யாரோ நாற்காலிகளை விரித்துப் போடுகிறார்கள், யாரோ எலுமிச்சம்பழம் கேட்கிறார்கள், மைக்கில் ஒருவர் ஹலோ ஹலோ என்று சோதித்துப் பார்க்கிறார். "மக்ளே! வண்டி ஏறியாச்சா?" என்று உற்சாகமான ஒரு குரல். இந்த மனுஷர் இப்போது என்ன சொல்கிறாரோ அதில்தான் ஒரு உயிர் நிற்கிறது, அது அவருக்குத் தெரியாது. நான் அவருக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவும் முடியாது.

அவள் எவ்வளவோ முயற்சி செய்தாள். 'அப்பா' என்றாள். திரும்பவும் 'அப்பா' என்றாள். பரீட்சை என்ற சொல் வரவில்லை. அழுகைதான் வந்தது. கடைசியில் அத்தனையும் சேர்ந்து அந்த ஒரு சொல்லாக வெளியே வந்தது.

"அப்பா… சீன் ஆயிட்டுப்பா."

அந்தப் பக்கம் மைக்கில் ஹலோ ஹலோ. அவர் என்ன சீன் என்று கேட்பார், அப்படீன்னா என்ன என்று கேட்பார், பரீட்சையா என்று கேட்பார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து வந்தது அதே மனுஷரின் வேறு குரல். உற்சாகமெல்லாம் போய், ரொம்பத் தணிந்திருந்தது.

"எங்க நிக்க மக்ளே?"

"தம்பானூர்ல."

"அங்ஙனயே நில்லு. எங்கயும் போவாத. அப்பா வாறேன்."

பிள்ளைகளே, நான் படித்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். பயிற்சி கொடுத்திருக்கிறேன், வாங்கியிருக்கிறேன். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். அந்தச் சொல்லின் அர்த்தம் ஒன்றுகூடத் தெரியாத அந்த ரப்பர் வெட்டுகிற மனுஷர், என்ன என்று கேட்கவில்லை, எங்கே என்று கேட்டார். சற்று முன்னால் அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. போனைப் பிடித்திருந்த கையால் அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நானும் பேசினேன். யார் என்று சொன்னேன். அவள் மனதில் என்ன இருந்தது என்பதை அந்தச் சொல்லைப் போட்டே சொன்னேன், இந்தத் தடவை தண்ணீர் தேவைப்படவில்லை. இன்றைக்கும் இனிக் கொஞ்ச நாளைக்கும் அவளைத் தனியாக விடாதீர்கள், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். என்ன காரணம் என்று மட்டும் சொல்லவில்லை. "அது நான் சொல்லிக்கிடுதேன் அக்கா" என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள். அவர், "சரி சிஸ்டர், சரி சிஸ்டர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் வாறது வரைக்கும் அவகிட்ட பேசிக்கிட்டிருங்க சிஸ்டர்" என்றார். பாத்திரம் ஏற்றிவந்த பிக்கப் வண்டி வாசலில் நின்றிருக்கிறது, அதிலேயே ஏறிவிட்டார்.

அவர் வரும் வரைக்கும் பேசினோம். என் ஷிப்ட் முடிந்தது, அடுத்தவர் வந்து நின்றார், நான் எழுந்திருக்கவில்லை. போனில் சார்ஜ் இறங்கியபோது பக்கத்தில் இருந்த அம்மச்சி ஒரு கடையில் சொல்லி ஒயர் வாங்கிக் கொடுத்தாள். எதைப் பற்றிப் பேசினோம் என்று கேட்டால் உருப்படியாக ஒன்றும் இல்லை. பழவங்காடியில் நல்ல செருப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று பேசினோம். அவள் ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினாள். நடுவில் எப்போதோ, "சீன் கொஞ்சம் கொறஞ்சிட்டு" என்றாள்.

அப்புறம், "அக்கா, அப்பா" என்றாள். போனை அணைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். அதனால் எனக்குக் கேட்டது. ஓடி வந்தவருடைய மூச்சு. அவள் அழுகை. பிறகு அவள் குரல், அழுகைக்கு நடுவில் ஆனால் தெளிவாக.

"அப்பா, நான் பாஸாகல்லப்பா."

அன்று அவள் அவரிடம் எந்தச் சொல்லுக்குப் பின்னாலும் ஒளியாமல் சொன்னது அது ஒன்றுதான்.

"கூட்டத்த நிறுத்தணும்ப்பா. எல்லாரும் வந்திருப்பாங்க."

"எதுக்கு நிறுத்தணும்?" என்றார் அவர். "பாஸ்டர் வந்தாச்சு. பிரியாணி வெந்தாச்சு. பிள்ள வீட்டுக்கு வந்து சேந்துட்டுன்னு ஸ்தோத்திரம் சொல்லுவோம். வா மக்ளே, வண்டில ஏறு."

அதற்கு மேல் நான் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. போனை வைத்துவிட்டேன்.